நூற்றுக்குத் தொண்ணூறு, நூறு முறை சாவு
வீடியோ கேம் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ பற்றிய கேள்விகளை மட்டும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். பெயர் மட்டுமே கேள்விப்பட்டவர்களுக்கு: ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2019 மார்ச் 22-ல் வெளியான கேம். இயக்குநர் ஹிதெதாகா மியாசாகி. ஒற்றைக் கை ஷினோபி ஒருவன், அதாவது நிஞ்ஜா, தன் இளம் எஜமானை மீட்கப் போகிறான். வழி நெடுக சாமுராய்கள், பேய்கள், ஒரு ராட்சதக் குரங்கு.

மெட்டாக்ரிடிக்கில் 90-ஐ ஒட்டிய மதிப்பெண், ஐஜிஎன் தளம் 9.5, கேம்ஸ்பாட் தளம் 9. ஆனால் இதை வாங்கிய என் நண்பர்கள் நான்கு பேரில் மூன்று பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். விமர்சகர்கள் சும்மா அளந்துவிட்டார்களா? (ஈரோடு வாசகர்)

அளக்கவில்லை. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் குழப்பம். மெட்டாக்ரிடிக் மதிப்பெண் பல விமர்சனங்களின் சராசரி. ‘நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா?’ என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். ‘என்னால் முடிக்க முடியுமா?’ என்பதற்கு அதில் விடை கிடையாது. இந்த வகை கேமை எழுத ஒரு பத்திரிகை யாரிடம் கொடுக்கும்? இதே நிறுவனத்தின் முந்தைய கடின கேம்களான ‘டார்க் சோல்ஸ்’, ‘பிளட்போர்ன்’ எல்லாம் முடித்தவரிடம்தான். கச்சேரி விமர்சனத்துக்கு ராகம் தெரிந்தவரைத்தான் அனுப்புவார்கள். அவர் ‘பிரமாதம்’ என்று எழுதினால், முதன்முறை கேட்பவரும் மூன்று மணி நேரம் நகராமல் உட்காருவார் என்று பொருள் இல்லை.

அந்த விமர்சனங்களின் உள்ளே போய்ப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். பாராட்டும் புகாரும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இந்த கேமில் குறுக்கு வழி இல்லை. கத்தி ஒன்றுதான். காட்டில் பத்து மணி நேரம் சின்ன எதிரிகளை வெட்டி லெவல் ஏற்றிக்கொண்டு வந்து பாஸை, அதாவது பெரிய எதிரியை, மிதிக்க முடியாது. ஆன்லைனில் துணைக்கு ஆள் கூப்பிடவும் வழியில்லை. இதையே ஒருவர் ‘கூர்மையான வடிவமைப்பு’ என்று எழுதினார், இன்னொருவர் ‘பிடிவாதம்’ என்று எழுதினார். இரண்டும் சரிதான். வாங்குவதற்கு முன் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரே எதிரியிடம் இருபது முறை தோற்று, இருபத்தோராவது முறை என்ன மாறியது என்று கவனிக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

‘டார்க் சோல்ஸ் 3’ இரண்டு முறை முடித்தவன் நான். இதில் முதல் சாமுராய் தளபதியே என்னைப் பந்தாடுகிறார். என்ன தப்பு செய்கிறேன்? (கோயம்புத்தூர் வாசகர்)

‘டார்க் சோல்ஸ்’ ஆடுகிறீர்கள். அதுதான் தப்பு. அங்கே பழகிய பழக்கம் இது: எதிரி வீசும்போது உருண்டு விலகு, அவன் மூச்சு வாங்கும்போது இரண்டு வெட்டு, மறுபடி விலகு. இங்கே அப்படி விலகிக்கொண்டே இருந்தால் சண்டை முடியவே முடியாது. காரணம், ‘போஸ்சர்’ என்கிற நிலைகுலைவு அளவுகோல். திரையின் மேலே எதிரிக்கும் கீழே உங்களுக்கும் மஞ்சளாக நிரம்புமே, அது. அது முழுசாக நிரம்பினால் எதிரியின் ரத்தம் பாதி மிச்சமிருந்தாலும் ஒரே குத்தில் முடிக்கலாம். நீங்கள் தள்ளிப்போய் நின்ற நேரமெல்லாம் அது இறங்கிக்கொண்டே இருக்கும். அதாவது நீங்கள் எடுத்த ஓய்வு அவருக்கும் ஓய்வு.

இன்னொரு சூட்சுமம்: எதிரியின் ரத்தம் குறையக் குறைய, போஸ்சர் இறங்கும் வேகமும் குறையும். அதனால் சண்டையின் முதல் பாதியில் கிடைக்கிற சின்னச் சின்ன வெட்டுகளைத் தவறவிடாமல் ரத்தத்தை இறக்குங்கள். பிற்பாதியில் ஒட்டி நின்று வாளோடு வாள் மோதி அளவுகோலை நிரப்புங்கள்.

தடுப்பதில் இரண்டு வகை. எல்1 பட்டனை அழுத்திப் பிடித்தபடி நின்றால் வெறும் தடுப்பு. அடி விழாது, ஆனால் உங்கள் போஸ்சர் ஏறும். எதிரியின் வாள் உங்கள் மேல் படும் நொடியில் எல்1-ஐ அழுத்தினால் ‘டிஃப்ளெக்ட்’. பொறி பெரிதாகப் பறக்கும், ‘கணீர்’ என்று சத்தம் மாறும், எதிரியின் போஸ்சர் ஏறும். பயத்தில் எல்1-ஐ படபடவென்று தட்டுகிறவர்கள் அதிகம். அப்படித் தட்டத் தட்ட, டிஃப்ளெக்ட் விழுவதற்கான நேரத்தை கேமே சுருக்கிவிடும். ஒரு வீச்சுக்கு ஒரு அழுத்தம் என்பதே கணக்கு. உங்கள் போஸ்சர் முழுசாக நிரம்பியிருந்தாலும் பதற வேண்டாம். சரியான டிஃப்ளெக்ட் செய்தால் அந்த நிலையிலும் உடையாது, வெறும் தடுப்பில்தான் உடையும். சற்று விலகி எல்1-ஐப் பிடித்தபடி நடந்தால் உங்கள் போஸ்சர் வேகமாக இறங்கும்.

அதேபோல, நீங்கள் வெட்டும்போது எதிரி டிஃப்ளெக்ட் செய்தால் அந்தக் ‘கணீர்’ அவர் பக்கமிருந்து கேட்கும். அது கேட்டால் அடுத்த வெட்டு அவருடையது. உடனே வெட்டும் பட்டனான ஆர்1-ஐ விட்டு எல்1-க்கு வாருங்கள். கண்ணைவிடக் காதை நம்பி ஆட வேண்டிய கேம் இது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆடுபவர்கள் பாதி தகவலைத் தூக்கி எறிகிறார்கள்.

அஷினா கோட்டை உச்சியில் கெனிசிரோ என்ற பாஸிடம் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கட்டம் வரை போனதே இரண்டு முறைதான். படிப்படியாகச் சொல்லுங்கள். (மதுரை வாசகர்)

பலரும் இந்த கேமை மூடி வைக்கிற இடம் இதுதான். விட்டுவிடாதவர்கள் ‘இப்போதுதான் புரிகிறது’ என்று சொல்கிற இடமும் இதுதான். கேம் அதுவரை கற்றுக்கொடுத்ததையெல்லாம் கெனிசிரோ ஒரே தாளில் பரீட்சை வைக்கிறார்.

போவதற்கு முன் மூன்று வேலை. முதலில், ஜெபமணிகளை எண்ணுங்கள். நான்கு சேர்ந்தால், இளைப்பாறும் இடமான சிற்பி சிலை முன் ஒரு மாலையாகி, ரத்தமும் போஸ்சரும் கூடும். மொத்தம் 40 மணிகள், அவற்றில் பெரும்பாலானவை மினி பாஸ்களிடம் இருக்கின்றன. தாண்டி ஓடி வந்த மினி பாஸ் யாராவது இருந்தால் திரும்பிப் போய் முடியுங்கள். இரண்டாவது, சுரைக்காய் விதை கிடைத்திருந்தால் வைத்தியர் எம்மாவிடம் கொடுங்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மடக்கு மருந்து கூடும். மூன்றாவது, குத்த வரும் வாளை மிதிக்கும் ‘மிகிரி’ எதிர்த்தாக்குதல் திறனை வாங்கியிருக்க வேண்டும். இது இல்லாமல் போகவே வேண்டாம். வாங்கியதும் பாழடைந்த கோயிலுக்கு வெளியே நிற்கும் ஹன்பேயிடம் பழகுங்கள். சாகாவரம் பெற்றவர், எத்தனை முறை குத்தினாலும் கோபிக்க மாட்டார்.

இனி சண்டை. தொலைவில் நின்றால் வில்லை எடுப்பார். நீங்கள் மருந்து குடிக்கப் போனால் அம்பு வரும். அதனால் ஒட்டியே இருங்கள். அவர் வெட்டை முடித்த உடனே குடியுங்கள், எட்டி ஓடிப்போய்க் குடிக்காதீர்கள். இரண்டு மூன்று வெட்டு வெட்டுங்கள், ‘கணீர்’ கேட்டதும் தடுப்புக்கு மாறுங்கள். அவருடைய நீண்ட தொடர் வீச்சு ஒன்று இருக்கிறது. அதில் ஓடாமல் ஒவ்வொன்றையும் டிஃப்ளெக்ட் செய்தால் அவருடைய போஸ்சர் கிடுகிடுவென ஏறும். பயமுறுத்தும் அந்தத் தாக்குதல்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு.

பெரும்பாலோர் சாவது அடுத்த இடத்தில். எகிறிக் குதித்து மேலிருந்து வெட்டுவார், இறங்கியதும், வெறும் தடுப்பு பலிக்காத அடி வருகிறது என்று எச்சரிக்கும் சிவப்பு எழுத்து மின்னும். அதன்பின் வருவது குத்தா, கால் வீச்சா என்பது முன்கூட்டித் தெரியாது. சிவப்பைப் பார்த்ததும் பட்டனை அழுத்தாதீர்கள், அவர் உடம்பைப் பாருங்கள். வாள் பின்னால் இழுக்கப்பட்டால் குத்து: அவரை நோக்கி டாட்ஜ் (சட்டென்று பாய்ந்து நகர்வது) செய்தால் வாளை மிதித்துவிடுவீர்கள். உடம்பு தாழ்ந்தால் கால் வீச்சு: குதியுங்கள், காற்றிலிருக்கும்போதே மறுபடி குதிக்கும் பட்டனைத் தட்டினால் அவர் தலையை மிதித்துப் போஸ்சரை ஏற்றலாம். எழுத்து மின்னுவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. இல்லாத அவசரத்தை நாம்தான் உண்டாக்கிக்கொள்கிறோம்.

மூன்றாம் கட்டத்தில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னலோடு வருவார். பார்க்க பயங்கரம், ஆனால் அடிப்படை அசைவுகள் பழையவைதான். மின்னல் ஏந்தி அவர் எழும்போது நீங்களும் குதியுங்கள். மின்னல் காற்றில் உங்கள் மேல் பட வேண்டும், தரையில் கால் படுவதற்குள் ஆர்1. அது அவர் மேலேயே திரும்பும். தரையில் நின்று வாங்கினால் பெரிய அடியோடு உடம்பும் அதிர்ந்து நின்றுவிடும். சீக்கிரம் குதித்து, மின்னல் வருவதற்குள் இறங்கிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. அவர் கை கீழே இறங்கத் தொடங்கும் வரை காத்திருங்கள்.

ஈஸி மோட் வேண்டும் என்று 2019-ல் பெரிய சண்டையே நடந்ததாமே? அது எப்படி முடிந்தது? (சிங்கப்பூர் வாசகர்)

முடியவில்லை. கேமில் இன்றுவரை ஈஸி மோட் இல்லை. சுருக்கமாக நடந்தது இது: வெளியான சில நாட்களிலேயே, ‘எளிய நிலை ஒன்று வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்ற கட்டுரைகள் வந்தன. ‘கடினத்தை எடுத்தால் கேமே இல்லை’ என்று ரசிகர்கள் பாய்ந்தார்கள். கடைசி பாஸை ஏமாற்று நிரல் போட்டு வென்றதாக ஒரு பத்திரிகையாளர் எழுதியதும் எரிகிற தீயில் எண்ணெய். ஆட்டத்தின் எல்லோருக்கும் பொதுவான அந்தக் கடினமே தங்கள் நோக்கம் என்று மியாசாகி முன்பே சொல்லியிருந்தார்: எல்லோரும் ஒரே தடையைத் தாண்டினால்தான் அதைப் பற்றி ஒரே தளத்தில் பேச முடியும் என்பது அவர் வாதம்.

இந்தச் சண்டையில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ‘நான் வேலைக்குப் போகிறவன், நேரமில்லை, கொஞ்சம் எளிதாக்கு’ என்பது ஒன்று. ‘என் விரல்கள் அந்த வேகத்தில் இயங்காது, எனக்கும் வழி வை’ என்பது இன்னொன்று. முதலாவதுக்கு மியாசாகியின் பதில் பொருந்தும். இரண்டாவதுக்குப் பொருந்தாது. டிஃப்ளெக்ட் நேரத்தைச் சற்றே நீட்டும் ஓர் அமைப்பு இருந்திருந்தால், அதைத் தொடாதவர்களுக்கு எதுவும் குறைந்திருக்காது என்பதே நம் கட்சி. வேடிக்கை என்னவென்றால், கடினத்தைக் கூட்ட இந்த கேமில் இரண்டு வழி இருக்கிறது. சென்போ கோயில் பக்கம் பேய் மணியை அடித்தால் எதிரிகள் பலமாவார்கள். இரண்டாம் சுற்றில் இளம் எஜமான் குரோவின் தாயத்தைத் திருப்பிக் கொடுத்தால் வெறும் தடுப்பிலும் ரத்தம் போகும். குறைக்கத்தான் ஒன்றும் இல்லை.

இது புதிய வாதமும் அல்ல. 2004-ல் எக்ஸ்பாக்ஸில் வந்த ‘நிஞ்ஜா கைடன்’ இதே புகாரைச் சந்தித்தது. மறு ஆண்டு வந்த ‘நிஞ்ஜா கைடன் பிளாக்’ பதிப்பில் ஈஸி மோட் சேர்த்தார்கள். எப்படி? ஆரம்பத்திலேயே திரும்பத் திரும்பச் செத்தால்தான் அது திறக்கும், அதன் பெயர் ‘நிஞ்ஜா டாக்’, ஆட்டம் முழுக்கக் கையில் ஒரு ரிப்பன் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். உதவியும் செய்து, மானத்தையும் வாங்கிவிட்டார்கள்.

விமர்சகர்கள் சொன்ன குறை என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே கடினம் பற்றித்தானா? (திருச்சி வாசகர்)

கேமரா. சுவர் ஓரம் மாட்டினால் பார்வை கன்னாபின்னாவென்று சுழலும், பார்வையை எதிரி மேல் நிறுத்தி வைக்கும் பூட்டு கழன்றுவிடும், நீங்கள் சுவரைப் பார்த்தபடி சாவீர்கள். இது திறமைக் குறைவு அல்ல, கேமின் குறை. முதுகு சுவருக்கு நெருங்கும்போதே பக்கவாட்டில் டாட்ஜ் செய்து நடு முற்றத்துக்கு வந்துவிடுங்கள். மற்றபடி, ஒரே வகை மினி பாஸ்கள் வேறு பெயரில் திரும்ப வருவது பற்றியும் முணுமுணுத்தார்கள். நியாயம்தான்.

‘நியோ’வா, ‘செகிரோ’வா? எதை முதலில் ஆடலாம்? (யாழ்ப்பாணம் வாசகர்)

இரண்டும் ஜப்பானிய வாள் சண்டை என்பதோடு ஒற்றுமை முடிகிறது. டீம் நிஞ்ஜாவின் ‘நியோ’ 2017-ல் பிஎஸ்4-இல் வந்தது, மெட்டாக்ரிடிக்கில் 88. 2020-ல் வந்த இரண்டாம் பாகம் 85. அதில் ஈட்டி, கோடரி, இரட்டை வாள் என்று பல ஆயுதங்கள், ஒவ்வொன்றுக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். லெவல் ஏற்றலாம், கவசம் மாற்றலாம், நிஞ்ஜா வித்தைக்கும் மந்திரத்துக்கும் தனித்தனியாகப் புள்ளிகள் போடலாம், மாட்டிக்கொண்டால் ஆன்லைனில் துணைக்கு ஆளையும் கூப்பிடலாம். ஒவ்வொரு தாக்குதல் முடிவிலும் சரியான நொடியில் ஒரு பட்டனைத் தட்டினால் செலவான ‘கி’, அதாவது தெம்பு, திரும்பும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்குள். விமர்சகர்கள் சண்டையின் ஆழத்தை மெச்சினார்கள். மலைபோல் குவியும் கவசங்களைப் பிரித்து வைப்பதற்கே நேரம் போகிறது, எதிரிகளில் வகை குறைவு என்றும் சொன்னார்கள்.

கணக்குப் போட்டு வழி கண்டுபிடிப்பது பிடிக்கும் என்றால் ‘நியோ’. கணக்கே வேண்டாம், கையும் காதும் பழகினால் போதும் என்றால் ‘செகிரோ’. ‘நியோ’ முடித்தவர் ‘செகிரோ’வுக்கு வரும்போது பழக்கத்தை மாற்றத் தடுமாறுவார். திசையைத் திருப்பினாலும் அதே கதைதான்.

அடிக்கடி சாவதால் ஊர்க்காரர்கள் இருமுகிறார்கள். அவர்கள் செத்துவிடுவார்களா? காசும் பாதி போகிறது. (சேலம் வாசகர்)

யாரும் சாக மாட்டார்கள். நீங்கள் திரும்பத் திரும்பச் சாவதால் பரவும் இந்த டிராகன் நோய் வந்தவர்களின் கிளைக்கதை நகராமல் நிற்கும், அவ்வளவே. சாகும்போது காசும் அனுபவப் புள்ளியும் போகாமல் காப்பாற்றும் ‘கண்ணுக்குத் தெரியாத உதவி’ கிடைக்கும் வாய்ப்பும் 30 சதவீதத்திலிருந்து குறையும். எம்மா கேட்கிற ரத்த மாதிரியைக் கொடுத்து வைத்தியத்துக்கான தாயத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு சிலை முன் ஒரு டிராகன் ரத்தத் துளி. ஒரே துளி எல்லோரையும் குணப்படுத்தும். துளிகள் அளவாகத்தான் கிடைக்கும். ஆகவே ஒருவர் இருமியதும் செலவழிக்காமல், மாட்டியிருக்கிற பாஸை முடித்த பிறகு பயன்படுத்துங்கள்.

காசுக்கு வழி: பாஸிடம் போகுமுன் வியாபாரிகளிடம் காசுப் பை வாங்குங்கள். 100 சென் உள்ள சிறிய பை 110 சென். பத்து சென் நஷ்டம், ஆனால் செத்தால் பை போகாது. அனுபவப் புள்ளியில் பாதி போனாலும், ஏற்கெனவே முழுதாகச் சேர்ந்த திறன் புள்ளி போகாது. எனவே அடுத்த புள்ளி கிட்டத்தில் இருந்தால் அதை முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

கதையில் வரும் அஷினா குலம் நிஜமா? (புதுச்சேரி வாசகர்)

பெயர் நிஜம். ஐசு பகுதியை ஆண்ட அஷினா குலம் 1589-இல் சுரியாகெஹாரா போரில் தாதெ மசமுனேயிடம் தோற்றது. கேமில் வரும் நாடும் மனிதர்களும் கற்பனை.

எனக்கு டிஃப்ளெக்ட் விழவே மாட்டேன் என்கிறது. யூடியூபில் பார்த்த அதே நொடியில்தான் அழுத்துகிறேன். பிசி, எட்டு ஜிபி ரேம், 43 இஞ்ச் டிவியில் ஆடுகிறேன். (சென்னை வாசகர்)

சந்தேகம் டிவி மேல்தான். படத்தை மெருகேற்றும் வேலைகளால் டிவி ஒவ்வொரு காட்சியையும் தாமதித்துத்தான் காட்டும். சினிமாவுக்கு அது தெரியாது, இந்த கேமுக்கு அது உயிர் போகிற விஷயம். நீங்கள் பார்க்கும் வாள் ஏற்கெனவே உங்கள் மேல் பட்டுவிட்ட வாள். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ போடுங்கள், அசைவைச் சீராக்கும் அமைப்புகளை எல்லாம் அணையுங்கள், கண்ட்ரோலரை ஒயர் போட்டு இணைத்துப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் என்றால் அதையும் மாற்றுங்கள். சத்தம் தாமதித்தால் ‘கணீர்’ கேட்டு ஆடுவது நடக்காது.

அடுத்தது ஃபிரேம் வேகம். பிசியில் இது விநாடிக்கு 60 காட்சிகளைத் தாண்டாது. அந்த 60 ஆடாமல் நிற்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்டது ஐ5-2500கே செயலி, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு. உங்கள் கார்டு அதைவிடக் குறைவு என்றால் நிழல், ஒளி விளைவுகளைக் குறையுங்கள், அப்போதும் தள்ளாடினால் ரெசொல்யூஷனைக் குறையுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. 60-க்கும் 40-க்கும் நடுவே ஊசலாடும் ஆட்டத்தில் நேரம் பழகாது. பழைய பிஎஸ்4-இல் ஆடுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. பிஎஸ்5-இல் போட்டால் சீராக ஓடும்.

இவ்வளவும் செய்தபின் ஹன்பேயிடம் பத்து நிமிடம் நில்லுங்கள். அப்போதும் விழவில்லை என்றால் நீங்கள் அழுத்துவது சீக்கிரமா, தாமதமா என்று பாருங்கள். வெறும் தடுப்பாக விழுந்தால் சீக்கிரம், அடியே விழுந்தால் தாமதம்.